மணிக்கட்டில் சுற்றும் பாம்பு

தைவானின் கீலுங் நகரில் மழை நிற்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் நானும் வெய்ஜுனும் ஒரே குடைக்குள் ஒண்டிக்கொண்டு, துறைமுகத்துக்கு மேலே சரிவில் இருந்த பாம்புக் கடைக்குப் படியேறினோம். எங்களுக்குக் கல்யாணமாகி வந்த முதல் குளிர்காலம் அது.

வெய்ஜுனுக்குத் துறைமுகத்தில் வேலை. விடியும் முன்னே போய்விடுவான். நான் வீட்டிலேயே உட்கார்ந்து பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். பேச்சுத்துணைக்கு ஒரு பூனை வளர்க்கலாமென்றால் எனக்கு இழுப்பு உண்டு. முடி உதிர்க்கிற எதுவும் ஆகாது. அதனால்தான் பாம்பு கேட்டேன். அவன் ரொம்ப நேரம் சிரித்துவிட்டுச் சரி என்றான்.

கீழே கடை, மேலே வீடு. சுவரெல்லாம் பாசி. உள்ளே போனதும் விளக்குகளின் வெப்பமும் ஈர மரத்தூளின் வாசனையும் முகத்தில் அறைந்தன. வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். கடைக்காரர் லியாவ் ஐம்பது வயதிருக்கும் ஒல்லி மனிதர். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

முதன்முதலாக வளர்ப்பவர்களுக்கு எது ஏற்றது என்று கேட்டேன். கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட ஒன்றின் முன்னால் நின்றபோது, அழகுதான், ஆனால் பதற்றக்காரி, தொட்டால் நாற்றம் பிடித்ததைப் பீச்சிவிடும் என்றார். உருண்டு பந்தாகக் கிடந்த மலைப்பாம்பு சாது, ஆனால் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்து உங்களை அழவைக்கும் என்றார். உங்களுக்கு விஷமில்லாத சோளப் பாம்புதான் சரி என்று சொல்லி, எப்படிப் பார்த்து எடுப்பது என்றும் காட்டினார். கண் தெளிவாக இருக்க வேண்டும், மூக்கில் குமிழி இருக்கக் கூடாது, உடம்பு கையில் கெட்டியாக உட்கார வேண்டும்.

"பயந்த பாம்பு ஓடும். பழகின பாம்பு விசாரிக்கும்," என்றார்.

ஏற்கனவே கையில் பழகியது ஏதாவது உண்டா என்று கேட்டேன். அவர் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியை இன்னொரு முறை துடைத்தார். பிறகு உள்படியேறிப் போய், வீட்டுக்குள்ளிருந்து ஒன்றைக் கொண்டு வந்தார்.

பழுத்த சீமைப்பனிச்சைப் பழத்தின் ஆரஞ்சு நிறம். முதுகில் கறுப்புக் கரையிட்ட ரத்தச் சிவப்புத் திட்டுகள். அடிவயிற்றில் சதுரங்கப் பலகை போலக் கட்டம். அவர் கையிலிருந்து என் கைக்கு வழிந்து வந்தது. நாக்கை நீட்டி நீட்டி விசாரித்தது. பிறகு என் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நாடி துடிக்கிற இடத்தில் தலையை வைத்துக்கொண்டது.

"என் பொண்டாட்டி கையில கடிகாரம்கூட இவ்ளோ நேரம் நின்னதில்ல, முதலாளி," என்றான் வெய்ஜுன்.

லியாவ் சிரிக்கவில்லை. அது தன் மனைவி லீச்சு முட்டையிலிருந்தே வளர்த்தது, செங்செங் என்று பெயர், அவள் போன வசந்தத்தில் இறந்துவிட்டாள் என்று சொன்னார். வீட்டுக்குள் அதை வைத்துக்கொள்ளத் தன்னால் முடியவில்லை என்றார். நாங்கள் கிளம்பியபோது அவர் வாசலுக்கு வரவில்லை.

சோபாவுக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். ஒரு பக்கம் அடியில் வெப்பத் தகடு, ஒளிந்துகொள்ள ஒரு வளைந்த மரப்பட்டை, தண்ணீர்க் கிண்ணம். முதல் வாரம் தொடவே கூடாது என்று லியாவ் சொல்லியிருந்தார், தொடவில்லை. அடுத்த வாரம் உறைந்த எலிக்குஞ்சை வெந்நீரில் இளக்கி இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். நாகரிகமாக வாங்கிக்கொண்டது. அப்புறம் பகலெல்லாம் நான் பிழை திருத்துவேன், செங்செங் என் மணிக்கட்டில் இருக்கும். வீடு முதன்முறையாக வீடு மாதிரி இருந்தது.

வெய்ஜுன் வேலையிலிருந்து திரும்பினால் போதும், எல்லாம் மாறிவிடும்.

கதவுச் சத்தம் கேட்டதும் அது என் கையை விட்டு இறங்கும். சோபா நெடுக ஊர்ந்து அவன் வலது தோளுக்குப் போகும். அங்கே ஒரு சுற்று சுற்றி நின்றுவிடும். நான் எடுத்து மடியில் விட்டால் மறுபடி போகும். தண்ணீர் மாற்றுவது நான், எலி இளக்குவது நான், கழிவை அள்ளுவது நான். அவன் காலை நீட்டி உட்கார்ந்திருப்பான். அது அவனிடம் போகும்.

"பாம்புக்குப் பாசமெல்லாம் கிடையாது, ரோலான். சூடுதான் தெரியும். நான் மூட்டை தூக்கிட்டு வர்றேன், உடம்பு கொதிக்குது. அவ்ளோதான்."

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் வெந்நீர்ப் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவனை ஒட்டி உட்கார்ந்தேன். செங்செங் அந்தச் சூட்டின் மேல் ஏறி, நிற்காமல் தாண்டிப் போனது. அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவினேன்.

பிறகு வாசனை வந்தது.

அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோதுதான் முதலில் தெரிந்தது. கமேலியா எண்ணெய். பெண்கள் தலையில் தடவுகிற எண்ணெய். எங்கள் வீட்டில் அது இல்லை. வலது தோளில் மட்டும் இருந்தது. யாரோ அங்கே தலை சாய்த்திருந்த மாதிரி.

இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. பாம்பை மறந்தே போனேன். துறைமுக அலுவலகத்தில் இருக்கும் பெண்கள் யார் யார் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். அவன் முதலில் கேலி செய்தான், அப்புறம் கோபப்பட்டான், அப்புறம் பேசுவதை நிறுத்தினான். சட்டையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். தனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை என்றான். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு. பகல்தான், ஆனால் மழை இருட்டில் விளக்குப் போட வேண்டியிருந்தது. சமாதானமாகிக்கொள்ளலாம் என்று இஞ்சி தட்டிப்போட்டு மீன் சூப் வைத்தேன். கிண்ணத்தோடு கூடத்துக்கு வந்தபோது வெய்ஜுன் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தான். செங்செங் வழக்கம்போல அவன் தோளில் இருந்தது.

கிண்ணத்தை வைத்துவிட்டு அதை எடுக்கக் குனிந்தேன்.

பாம்பு அவன் தோளைத் தொடவில்லை.

அது வளையமாகச் சுற்றியிருந்தது. அந்த வளையத்துக்கும் சட்டைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அந்த இடைவெளி வழியாக அவன் சட்டையின் நீலக் கோடுகள் எனக்குத் தெரிந்தன.

வளையத்துக்குள்ளே ஒன்றுமில்லை. ஒரு மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு வெற்றிடம்.

அதற்குக் கீழே, சட்டைத் துணியில், ஐந்து பள்ளங்கள்.

என் கண்முன்னே அந்தப் பள்ளங்கள் மெதுவாக ஆழமாயின. யாரோ பார்ப்பது தெரிந்து பிடியை இறுக்கிக்கொள்கிற மாதிரி.

இத்தனை நாளும் பாம்பு அவனிடம் போகவே இல்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் போயிருக்கிறது.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததென்று தெரியாது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. பாம்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. அது பாம்பின் பலமில்லை. இன்னொரு பக்கத்திலிருந்து யாரோ பிடித்திருந்தார்கள். பிறகு சட்டென்று விட்டுவிட்டார்கள். வேண்டுமானால் நீயே வைத்துக்கொள் என்பது போல.

வெய்ஜுன் தூக்கத்தில் அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் செங்செங்கைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, மார்போடு அணைத்துக்கொண்டு பேருந்தேறினேன். பை அசையவே இல்லை. லியாவ் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், என் கையிலிருந்த பையைப் பார்த்ததும், அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

"கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்பே அவரே எல்லாம் சொல்லிவிட்டார். லீச்சு போன பிறகும் செங்செங் ஒவ்வொரு நாளும் கட்டிலில் அவள் படுக்கும் பக்கமாகப் போய், ஒன்றுமில்லாத இடத்தைச் சுற்றிக்கொண்டு கிடக்குமாம். உயிரோடு இருந்தபோதும் அவள் கை பாம்புக்குத்தான், செத்த பிறகும் பாம்புக்குத்தானா என்று அவருக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் எங்களிடம் கொடுத்தாராம். கொடுத்த அன்றே வீடு வெறிச்சோடிப் போய்விட்டது. அதன் பிறகுதான், பாம்பைச் சாக்கிட்டாவது அவள் இருந்தாளே என்று தோன்றியதாம்.

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்றார்.

பையை அவிழ்த்துச் செங்செங்கைத் தன் கையில் விட்டுக்கொண்டார். அசையாமல் நின்றார். அது அவர் விரல்களை விசாரித்தது. முழங்கைக்கு ஏறியது. சட்டைப்பைக்குள் தலையை நீட்டிப் பார்த்தது. மேசைக்கு இறங்கி, ஓரத்துச் சூட்டைத் தேடி ஊர்ந்தது. அவர் எடுத்துப் படிக்கட்டின் கீழே விட்டார். மேலே போகவில்லை. எந்தக் கடையிலும் இருக்கிற ஒரு பாம்பைப் போல, மூலை தேடிச் சுருண்டுகொண்டது.

லியாவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது துக்கம் மட்டுமில்லை. இத்தனை வாரமாக நானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த பார்வை அது.

"உங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசுவாரு, இல்ல?" என்றார் மெல்ல. "சிரிக்கச் சிரிக்க. நான் அவகிட்ட அதிகம் பேசினதே இல்ல."

நான் காலிப் பையை மடிக்கத் தொடங்கினேன்.

"பாம்ப மட்டும் கொண்டு வந்திருக்கீங்க," என்றார்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று ஞாபகமில்லை. வெய்ஜுன் வழக்கத்துக்கு முன்பே வந்திருந்தான். சோபாவில் ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தான். பாம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன். சண்டை போடுவான் என்று நினைத்தேன். போகட்டும், உனக்குப் பிடிக்காவிட்டால் வேண்டாம் என்றான் சாந்தமாக. அவன் கண்கள் ஜன்னலில் இருந்தன. கூடம் முழுக்கக் கமேலியா எண்ணெய் மணத்தது.

அவனுக்கு இடது பக்கம் போய் ஒட்டி உட்கார்ந்தேன். வெகு நேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம். சோபாவின் மேல், அவனுக்கு அந்தப் பக்கம், அவன் வலது கை மல்லாந்து கிடந்தது. விரல்கள் லேசாக விரிந்து வளைந்திருந்தன.

நான் அவன் மடியைத் தாண்டிக் கை நீட்டி, அந்த விரல்களுக்கு நடுவே என் விரல்களைக் கோக்கப் பார்த்தேன்.

நுழைய இடமில்லை.