நிங்கின் புருவம்

நிங்கின் அம்மா ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். பாட்டு ஒன்றைப் பதிவுசெய்து அனுப்புவது என்று இசைக்குழு முடிவெடுத்தது.

குழு என்றால் மூன்று பேர். நிங் மேளப்பெட்டி தட்டுவாள். பக்கத்து வீட்டு எம்போய் கிதார். பெரியம்மா மகன் போயெட் பாடுவான். போயெட் மேலாளரும்கூட. அந்தப் பதவியை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான்.

“வீட்டுல பதிவு பண்ணா, பாதிப் பாட்டை நம்ம சேவல்தான் பாடும். என் ஞானத்தகப்பன் ஸ்டூடியோவுல சும்மாவே பண்ணித் தர்றாராம். பெரிய பாடகருங்க எல்லாம் அங்கதான் வருவாங்க,” என்றான்.

“யாரு, குயா?” என்றாள் நிங். அண்ணனை அவள் ‘குயா’ என்றுதான் கூப்பிடுவாள்.

“பெரியவங்க,” என்றான் போயெட் கம்பீரமாக.

ஸ்டூடியோவில் ஆளுக்கொரு சின்ன அறை. போயெட் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. அதனால் கதவென்று நினைத்துச் சுவரைத் தள்ளினான்.

“ஒன்… டூ… த்ரீ!” என்று ஹெட்போனில் அவன் குரல் கேட்டது. எம்போய் ‘டூ’விலேயே தொடங்கிவிட்டான். நிங் தாமதமாகத் தட்டினாள். போயெட் இருமினான்.

கடைசியில் ஞானத்தகப்பன் மூவரையும் தனித்தனியாகப் பதிவுசெய்து ஒட்டினார். சுத்தமான பாட்டு. ஆனால் ஜீப்னி வண்டிக்குக் காத்து நிற்கும் மூன்று அந்நியர்கள் போல இருந்தது.

“சூப்பர்!” என்றான் போயெட். அவன் முகத்தில் அவ்வளவு சூப்பர் இல்லை.

நிங் யோசித்தாள். இதையா அம்மாவுக்கு அனுப்புவது? வீட்டில் யாரும் ‘ஒன், டூ’ என்று எண்ணுவதே இல்லையே!

“எம்போய், வீட்டுல எப்ப ஆரம்பிக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீதான் புருவத்தைத் தூக்குவியே!”

நிங்குக்கே அது தெரியாது. அவர்கள் ஊரில் புருவத்தைத் தூக்கினால் ‘ஆமாம்’. அம்மா பாதி நேரம் அப்படித்தான் பதில் சொல்வார். அதே பழக்கம் நிங்குக்கும்.

“சுவருக்கு அந்தப் பக்கம் புருவம் தெரியாது, குயா. வீட்டுலயே பண்ணுவோம்.”

போயெட்டின் முகம் தொங்கிவிட்டது. “அப்போ சேவல்?”

நிங்குக்குப் பாவமாக இருந்தது. “அதைச் சமாளிக்க நல்ல மேலாளர் ஒருத்தர் வேணும். நம்மகிட்டதான் இருக்காரே.”

போயெட் உடனே நிமிர்ந்தான்.

மறுநாள் ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து, நடுவில் கைபேசியை வைத்து, மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மேலாளர் சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாடினார். அது அலகைத் திறந்தபோதெல்லாம் ஒரு மக்காச்சோள மணி உள்ளே போனது.

ஞாயிறன்று அம்மா வீடியோவில் அழைத்தார்.

“அம்மா, பாட்டு கேட்டியா? நல்லா இருந்துச்சா?”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு புருவங்களையும் தூக்கினார்.

அவ்வளவுதான். எம்போயின் விரல்கள் கம்பியில் விழுந்தன. நிங்கின் கைகள் பெட்டியில் விழுந்தன. போயெட் பாடத் தொடங்கினான்.

இந்த முறை சேவலை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. அதுவும் சேர்ந்து பாடியது.