எட்டில் ஆரம்பித்த நட்சத்திரம்!

டெலிபோன் அலறியது!

ஸ்ரீவில்லிபுத்தூர் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் விஜயபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே ரிசீவரை எடுத்தார். தடவமாட்டாரா பின்னே? காலையில்தான் டி.வி. மைக்குகளுக்கு முன்னால் ஒரு கொலைகாரியை நிறுத்தியிருந்தார்!

கொலையானவர் சௌந்தரபாண்டியன். ராஜபாளையத்தில் மில், உள்ளூர் மடவார் வளாகம் பகுதியில் வீடு. நட்சத்திரம் பார்க்கும் சங்கத்துக்குத் தலைவர். வீட்டிலேயே மண்டையைப் பிளந்துவிட்டார்கள்.

சந்தேகம் இரண்டு சங்க உறுப்பினர்கள் மேல். கல்லூரி ஆசிரியை கல்பனா... மில் பங்குதாரர் சாம்சன்.

இருவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அந்த நேரத்தில் ஒரே நட்சத்திரத்தின் பிரகாசத்தை அளந்துகொண்டிருந்தார்களாம்! அளந்து குறித்த எண்களையும் நீட்டினார்கள். கல்பனா பிளவக்கல் அணைப் பக்கம். சாம்சன் ராஜபாளையம் மொட்டை மாடியில்.

விஜயபாண்டி யூ-டியூபில் பார்த்த முதல் இலக்கச் சோதனையைப் போட்டார். இயற்கையான எண்களில் ஒன்றில் ஆரம்பிப்பவைதான் அதிகமாம். சாம்சனின் எண்கள் கச்சிதமாகப் பொருந்தின. கல்பனாவுடையவை எல்லாமே எட்டில் ஆரம்பித்தன.

பொய்! மாட்டினார் விலங்கை! இப்போது ரிசீவரில் ஒரு பெண் குரல்.

"சார், நான் பியூலா. வானியல் பேராசிரியை. டி.வி.ல நீங்க காட்டுன கல்பனா எண்களைப் பாத்தேன்... இப்படிப் பண்ணிட்டியளே!"

"ஏம்மா, சோதனை தப்பா?"

"சோதனை சரிதான் சார். கிட்ட இருக்கிறது, எட்டாத தூரத்துல இருக்கிறதுன்னு ஆயிரம் நட்சத்திரத்தோட தூரத்துக்குப் போட்டுப் பாருங்க, பொருந்தும். இது ஒரே நட்சத்திரம். அதோட பிரகாச எண் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுலதான் ஏறி இறங்கும். எட்டுலதானே ஆரம்பிக்கும்?"

விஜயபாண்டியின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"அதே நேரம் வேற ஊர்க்காரங்க அளந்ததோட ஒத்துப் பாத்துட்டேன். கல்பனா எண் அம்புட்டும் நிஜம்!"

காமிராக்களுக்கு நடுவே கல்பனா துப்பட்டாவால் முகத்தை மூடியது விஜயபாண்டிக்கு நினைவுக்கு வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

லாக்-அப்பை அவரே திறந்தார்.

"தப்புப் பண்ணிட்டேம்மா... மன்னிச்சிரு."

கல்பனா நிமிர்ந்தாள். "சாம்சன் எண்ணைக் காட்டுங்க சார்."

பார்த்ததும் சிரித்துவிட்டாள்!

"ஒன்னா? அந்த எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் சார். ஒன்னுன்னா ரோட்டுல போறவன் கண்ணுக்கே பளிச்சுன்னு தெரியும், டெலஸ்கோப் எதுக்கு? இது அளந்ததில்ல... எழுதுனது!"

வெளி பெஞ்சில் சாம்சன் உட்கார்ந்திருந்தான். இன்ஸ்பெக்டரைப் பாராட்ட பால்கோவாவோடு வந்திருந்தான், பாவி!

"ஏலே! எதுக்குலே ஒன்னு ஒன்னுன்னு எழுதுன?"

"நீங்கதானே சார் டீக்கடையில சொன்னிய... ஒன்னு நெறைய வந்தாத்தான் உண்மைன்னு..."

சொன்ன பிறகுதான் உளறியது புரிந்தது. வாசலை நோக்கிப் பாய்ந்தான்! ஏட்டு இருளப்பசாமி காலை நீட்ட, குப்புற விழுந்தான்.

"மில்லை விக்க மாட்டேன்னாரு சார்... கோவத்துல அடிச்சிட்டேன்..."

விஜயபாண்டி சாம்சனுக்கு விலங்கை மாட்டினார். டீக்கடையில் பீற்றிக்கொண்டது யார்? அவர்தான். கொலைகாரனுக்குத் தப்பிக்க வழி சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்!

"எங்கிட்ட ஒத்தையில மன்னிப்புக் கேட்டா எப்படி சார்?" கல்பனா விடவில்லை. "எங்க அம்மா தெருவுல தலைகாட்ட முடியல. மைக்குல சொன்னதை மைக்குலயே மாத்திச் சொல்லுங்க."

"சொல்லுதேன்மா." தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இருளப்பசாமி! டி.வி.காரங்களைத் திருப்பிக் கூப்பிடும்!"

"என்னன்னு சொல்லட்டும் சார்?"

"மாணவன் பிடிபட்டான்... சொல்லிக்கொடுத்த வாத்தியாரும் வருதான்னு சொல்லும்!"