சிலந்தியின் சாட்சி

லாஸ் ஏஞ்சல்ஸ் தொழிலாளர் அலுவலகத்தில், ஆய்வாளர் ஒபேலியாவின் மேஜை முன்னால் எலுத்தேரியா வந்து உட்கார்ந்தபோது அவள் சட்டையெல்லாம் நூல் துணுக்கு.

"மணிக்கணக்குலதான் கூலி தரணும், பீஸ் ரேட் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு மேடம். எங்க தையல் கூட முதலாளி ராமிரோ இன்னும் காலருக்குப் பதினஞ்சு சென்ட்தான் குடுக்கறார். சாப்பிட எழுந்தாக்கூட காசு போச்சு. கேட்டா, நாங்க கையெழுத்துப் போட்ட ரிஜிஸ்டரை நீட்டறார். வெத்துத் தாள்ல கையெழுத்து வாங்கினதே அவருதான்!"

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஒபேலியா அந்தத் தையல் கூடத்துக்குப் போனாள். உதவியாளர் நிக்கானோருக்கு ரிடையராக எட்டே மாதம். ஆனாலும் படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். "இன்னிக்கு ஆளை விடறதில்ல!"

ராமிரோ சிரித்த முகத்தோடு ரிஜிஸ்டரைக் காட்டினார். நேற்று வரை ஒவ்வொருத்தியும் வந்த நேரமும் போன நேரமும் நிமிஷம் பிசகாமல் இருந்தன.

"நேரத்தை எதைப் பார்த்து எழுதறாங்க?" என்று கேட்டாள் ஒபேலியா.

"அதோ, சுவர்க் கடிகாரம். போனையெல்லாம் வாசல்லயே வாங்கி வெச்சிடுவோம்."

கடிகாரம் எட்டே முக்காலைக் காட்டியது.

"நின்னுபோச்சு!" என்று துள்ளினார் நிக்கானோர்.

"காலைலதான் பேட்டரி போச்சு" என்றார் ராமிரோ.

ஒபேலியா ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். நிதானமாக இறங்கி எல்லோரையும் அழைத்தாள். மெஷின்கள் ஓய்ந்தன.

"ரெண்டு முள்ளுக்கும் நடுவுல சிலந்தி வலை. அதுல காய்ஞ்ச ஈ, மேல தூசி. ஓடற முள்ளுல வலை நிக்காது சார். அப்ப நேத்து நேரத்தைப் பார்த்து எழுதினது யாரு?"

ராமிரோ ரிஜிஸ்டரை மூடினார்.

"மணிக்கணக்குல கூலின்னா, கடிகாரம் நின்ன அன்னிக்கே இவங்க சத்தம் போட்டிருப்பாங்க. ஒருத்தியும் கேக்கல. அப்ப இவங்க எண்ணினது வேற ஏதோ."

எலுத்தேரியா ஏப்ரன் பையைக் கவிழ்த்தாள். தைத்து முடித்த ஒவ்வொரு துணிக் கட்டிலிருந்தும் கிழித்த, எத்தனை காலர் என்று குறித்த டிக்கெட்டுகள் கொட்டின. பக்கத்து மெஷின்காரியும் கவிழ்த்தாள். பிறகு எல்லோரும். மேஜை நிரம்பி வழிந்தது.

"ஆர்டர் குடுக்கற கம்பெனிக்காரன் தர்ற ரேட்டுக்கு நான் எப்படிம்மா மணிக்கூலி குடுப்பேன்?" என்று முனகினார் ராமிரோ.

"ஆர்டர் குடுத்தவங்களும் பொறுப்புன்னு சட்டம் இருக்கு. அவங்ககிட்டயும் போகத்தான் போறேன்."

இலையுதிர் காலத்தில் கூலி பாக்கி முழுவதும் காசோலையாக வந்தது. பாதி ராமிரோவுடையது, பாதி கம்பெனியுடையது. அன்று மதியம் துணி வெட்டும் மேஜையில், சோள மடலில் சுற்றி அவித்த தமாலேக்களில் ஆவி பறந்தது. யாரோ பாட்டு வைத்தார்கள். எலுத்தேரியா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, மூன்றாவதைப் பிரித்தாள்.

"அடியே, எனக்கு இவ்வளவு பசிக்கும்னு இப்பத்தான் தெரியுது!"