நான்காவது நடைவழி

அந்த இடத்தில் பெயர்ப்பலகை இருந்திருக்கக் கூடாது.

மலைப்பாதையின் இரண்டாவது வளைவில், இடப்பக்கத்து மரக்கம்பத்தில், பச்சை வண்ணத்தின்மேல் வெள்ளை எழுத்துகளில் 'நான்காவது நடைவழி' என்றிருந்தது. எழுத்துகளின் இடைவெளி சீராக இருந்தது. அம்புக்குறி மூங்கில்களுக்குள் காட்டியது. பலகை புதிதாகவும் இல்லை, பழையதாகவும் இல்லை.

"பாத்தியா!" கணவன் மூச்சிரைக்கத் திரும்பினான். மூன்று நாள்களில் அவன் முகத்தில் இப்போதுதான் உயிர் வந்திருந்தது. "இல்லவே இல்லைன்னு ஒத்தக்கால்ல நின்னாங்களே, அத்தனை பேரும்!"

அவள் பலகையையே பார்த்தாள். வழி பிரியாத இந்த வளைவில் அவனை நிறுத்தி, இல்லாததைக் கண்ணெதிரே காட்டி, உண்மையைச் சொல்லிவிடுவதென்று காலையில் பல் துலக்கும்போதே தீர்மானித்திருந்தாள். வாக்கியங்களைக்கூட அடுக்கி வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு முதலில் வந்தது பயமன்று, நிம்மதி. தான் பொய் எழுதவில்லை என்னும் கேவலமான நிம்மதி. பயம் அதன் பின்னால், அவசரமில்லாமல் வந்தது.

பயணக் கையேடுகளைத் தொகுப்பது அவள் தொழில். பதினோர் ஆண்டுகளில் நாற்பது ஊர்களுக்கு வழி சொல்லியிருக்கிறாள். ஓர் ஊரையும் பார்த்ததில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படித்து, ஒப்பிட்டு, பிழை நீக்கி, நல்ல வாக்கியங்களாக்கினால் போதும். இந்தத் தீவுக்கு மூன்று நடைவழிகள் கிடைத்தன: உச்சிப்பாறை, அருவி, கிழக்குக் கடற்கரை. அச்சுக்குப் போகும் நாளில் முதலாளி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"கீழ பாதிப் பக்கம் மொட்டையா நிக்குதேம்மா. பதினாலு வரிக்கு இடம் இருக்கு. இன்னொரு வழி போடுங்க."

"மூணுதான் சார் இருக்கு."

"நாலாக்குங்க. யாரு டேப் வெச்சு அளக்கப் போறாங்க?"

சன்னலைப் பார்த்தபடி இருபது நிமிடங்களில் எழுதி முடித்தாள். இரண்டாவது வளைவில் ஒரு பச்சைப் பலகை, மூங்கில் காடு, எதிர்ச்சுவர் நாள்காட்டியில் கண்ட மஞ்சள் பூ, நீலமும் பச்சையும் கலந்த கடல், வெண்மணல், ஒரு கல்லிருக்கை. மற்ற மூன்று வழிகளுக்கும் இறுதியில் 'திரும்பும் வழி' என்றொரு பத்தி இருந்தது. நான்காவதற்கு வரி போதவில்லை. அந்தப் பக்கத்தில் ஓர் அச்சுப்பிழைகூட இல்லை என்று முதலாளி பாராட்டினார்.

புத்தகம் வெளிவந்ததும் ஒரு பிரதியை நாத்தனாருக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தாள். கணவனுக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லாருக்கும் அவள் சிட்டு. அந்தப் பிரதியோடும் புதுமாப்பிள்ளையோடும் சிட்டு இந்தத் தீவுக்கு வந்தாள். வந்த அன்றே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்க புத்தகம் கையில இருக்கறதால இவரு என்கிட்டதான் வழி கேக்கறாரு. ஒரே பெருமை எனக்கு. நாளைக்கு நாலாவது வழி. நீங்க எழுதினதுலயே அதுதான் ரொம்ப அழகு."

அப்போதே சொல்லியிருக்கலாம். தேடிப் பார்ப்பார்கள், வழி அகப்படாது, திரும்பிவிடுவார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தாள்.

"பாத்துப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு அழைப்பு வரவில்லை. இருவரையும் காணவில்லை என்று விடுதியிலிருந்து செய்தி வந்ததும் கணவனும் அவளும் படகேறி வந்தபோது விடுதி அறையில் பூட்டாத இரண்டு பெட்டிகளும், நாற்காலி முதுகில் காய்ந்து விறைத்துப்போன துண்டும் இருந்தன. வனத்துறையினர் இரண்டு நாள்கள் தேடினார்கள். விடுதிக்காரர் கையை விரித்தார்.

"முப்பது வருஷமா இந்த மலையில ஏறி இறங்கறேங்க. நாலாவது வழின்னு ஒண்ணு கிடையாது."

"புத்தகத்துல இருக்கேய்யா!" கணவன் மேசையில் ஓங்கித் தட்டினான்.

"புத்தகத்துல எங்க விடுதியில எப்பவும் சுடுதண்ணி வரும்னுகூடத்தான் போட்டிருக்கு. வருதா?"

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். நீயே சொல், எழுதியவள் நீதானே என்றது அந்தப் பார்வை. அவள் தேநீர்க் கோப்பையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேடியவர்கள் அந்த இரண்டு நாள்களையும் இல்லாத வழியின் வாயிலைக் கண்டுபிடிப்பதிலேயே செலவழித்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வா, ஏன் நிக்கற?" கணவன் மூங்கில்களுக்குள் நுழைந்தான். அவளும் நுழைந்தாள்.

அதுவரை, கீழே படகுத்துறையிலிருந்து இந்த வளைவுவரை, மலை முழுவதும் அவர்களோடு ஏறி வந்திருந்தது: காதுக்குள் ஊசி ஏற்றும் சில்வண்டுகளின் இரைச்சல், பாறைகளில் அலை மோதி உடைவது, மட்கிய இலைகளின் புளித்த மணம், உதட்டில் படிந்த உப்பு, கழுத்தை விடாமல் சுற்றிய கொசு, ஒவ்வோர் அடிக்கும் காலணியின் கீழ் நொறுங்கிய சருகு. மூங்கில்களுக்குள் பத்தடி வைத்ததும் சில்வண்டுகள் நின்றன. பிறகு அலை. பிறகு கொசு. உதட்டை நக்கிப் பார்த்தாள், உப்பு இல்லை.

கணவன் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்துக்கொண்டே நடந்தான்.

"'மூங்கில் நிழலில் இருபது நிமிடம் நடந்தால் களைப்பே தெரியாது.' அட, நிஜமாவே தெரியல பாரேன்!"

தெரியவில்லைதான். முழங்கால் வலிக்காரன், இரண்டு வளைவுகளுக்குள் நான்குமுறை உட்கார்ந்தவன். இப்போது செங்குத்தான ஏற்றத்தில் மூச்சுச் சத்தமே இல்லாமல் ஏறினான். மேலே மூங்கில் நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன. கீழே அவற்றின் நிழல் ஆடவில்லை. தரையில் தீட்டிவைத்ததுபோல் அப்படியே கிடந்தது.

"'வழியெங்கும் மஞ்சள் பூக்கள்.' இந்தா, இருக்கு!"

அவள் குனிந்து பார்த்தாள். ஐந்து இதழ்கள். மேலிதழின் நடுவில் உருண்டையாக ஒரு சிறு துளை. புழு அரித்த துளைபோல் இல்லை. ஓரம் சுத்தமாக இருந்தது. அடுத்த பூவிலும் அதே இதழில் அதே துளை. அதற்கடுத்ததிலும். அலுவலகச் சுவரில் அந்த நாள்காட்டியை மாட்டியிருந்த ஆணி, பூவின் மேலிதழில்தான் இறங்கியிருந்தது.

"என்னங்க, திரும்பிடலாம்."

"என்னது? சிட்டு இந்தப் பக்கம்தான் வந்திருக்கா, இப்பப் போயி..."

"எனக்கு என்னமோ சரியாப் படல."

"நீ போட்ட வழிக்கு நீயே பயந்தா எப்படி?" அவன் சிரித்தான். சிரிப்பு அவன் வாயோடு முடிந்துபோனது. எங்கும் படவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். வந்த திசையில் மூங்கில்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றன, இடையில் கைநுழையவும் இடமில்லாமல். குனிந்து பார்த்தாள். பாதை அவளுடைய குதிகால்வரை இருந்தது. அதற்குப் பின்னால் இல்லை.

கணவனும் பார்த்துவிட்டான். பக்கத்தைப் புரட்டினான், மறுபக்கத்தில் விடுதிகளின் பட்டியல். மீண்டும் முன்பக்கத்துக்கு வந்தான்.

"திரும்பற வழி எங்க போட்டிருக்க?"

"போடலைங்க."

"ஏன்?"

"இடம் பத்தல." பக்கத்தின் அடியோரத்தை விரலால் காட்டினாள். "இந்த வழியே கிடையாதுங்க. நான் இட்டுக்கட்டினது. ஆபீஸ்ல உக்காந்து எழுதினது. சிட்டு போன் பண்ணப்பவும் சொல்லல. இந்த மூணு நாளாவும் சொல்லல."

காய்ச்சல்காரரைப் பார்ப்பதுபோல் அவன் அவளைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தான். சத்தம் வரவில்லை.

"அப்ப இது என்னது? நாம எதுல நிக்கறோம்?"

மூன்று நாள் தாமதித்து வந்த உண்மைக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

"நீ சரியாத் தூங்கலம்மா. அதான். வா."

மூங்கில்கள் முடிந்தன. கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம். ஒரு நொடி கூடவில்லை.

கடல். நீலமும் பச்சையும் கலந்தது. ஓரத்தில் ஓர் அலை, நுரையோடு எழுந்து, கரைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. விழவில்லை. வெண்மணலில் ஒரு சுவடும் இல்லை.

மணலின் நடுவே கல்லிருக்கை.

அந்த இருக்கையை அவளுக்குத் தெரியும். இடமூலை உடைந்து சிமெண்டு பூசியது. அலுவலகத்துக்குப் பின்னால் இருக்கும் பூங்காவில் கிடப்பது. பதினோர் ஆண்டுகளாகச் சன்னல்வழியே பார்த்து வருகிறாள். நாள்தோறும் அதில் யாராவது அமர்ந்திருப்பார்கள், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருவர் முகத்தையும் அவள் பார்த்ததில்லை.

இப்போதும் இருவர் அமர்ந்திருந்தார்கள். ஒற்றைப் பின்னல். பக்கத்தில் ஓர் ஆணின் கழுத்து.

"சிட்டு!"

கணவன் ஓடினான். அவள் அவன் சட்டையைப் பிடிக்கக் கை நீட்டினாள், அகப்படவில்லை.

"சிட்டு! ஏய் சிட்டு! எத்தனை நாளா... கழுதை, ஒரு போன் பண்ணத் தெரியாது?"

அழுகையும் சிரிப்புமாக இருக்கையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனான். நின்றான். தங்கை முகம் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

பிறகு தலையை நிமிர்த்தி, இருவரின் தோள்களுக்கும் மேலாக, மனைவியைப் பார்த்தான்.

அவளை நம்பிவிட்டான். அது அந்த முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லையும் நம்பிவிட்டான்.

"என்னங்க, உக்காராதீங்க."

அவன் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தான். கடலைப் பார்த்தபடி. மூன்று முதுகுகள்.

அவள் நடந்தாள். மணல் காலில் உறைக்கவில்லை. பக்கவாட்டில் வந்தாள். பின்னல் தெரிந்தது. இன்னும் நடந்தாள். பின்னல். இருக்கைக்கும் கடலுக்கும் நடுவே, அவர்களுக்கு நேரெதிரே வந்து நின்றாள்.

பின்னல். கழுத்து. கணவனின் பின்னந்தலை, நரை ஓடிய சுழி. வியர்வையில் ஒட்டிய சட்டை முதுகு.

மறுபடி சுற்றினாள். முதுகு. மறுபடி. முதுகு.

"என்னங்க."

மண்டியிட்டாள். கையை நீட்டினாள். கணவனின் நெற்றி இருக்க வேண்டிய இடம். முடி. கண். முடி. மூக்கு. முடி. வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களை இன்னும் கீழே இறக்கினாள். அங்கே, முடிக்கு அடியில், தோலுக்கு அடியில், ஒரு வாய் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.