வாசுகி அத்தையின் வெள்ளி முழங்கால்

கணினித் திரையில் வாசுகி அத்தையின் கால் எலும்புகள் பனியில் நிற்கும் மரங்களைப் போல மங்கலாகத் தெரிந்தன. நடுவில், முழங்காலில் பொருத்தியிருந்த செயற்கை மூட்டு மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னியது. யோகேஸ்வரி கண்கொட்டாமல் பார்த்தாள்.

அத்தை பார்க்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளாக அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் இருவரும் செமிலிங்கிலிருந்து இந்த மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். இங்கே எக்ஸ்ரே படத்தை முதலில் செயற்கை நுண்ணறிவு பார்க்கும். பிறகு டாக்டர் ஐனா பார்ப்பார்.

கணினி மூட்டைச் சுற்றி நீலக்கோடு வரைந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் மஞ்சளாகக் காட்டியது.

“மூட்டு லூசாகியிருக்கலாம்னு சொல்லுது. அப்படின்னா மறுபடியும் ஆபரேஷன் செய்யணும்,” என்றார் டாக்டர். “ஆனா படம் சாய்ஞ்சிருக்கு. உறுதியா சொல்ல முடியல.”

“மறுபடியுமா? வேணாம்லா! நான் வீட்டுக்குப் போறேன்!” அத்தை நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார்.

யோகேஸ்வரி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“டாக்டர், படம் எடுக்கும்போது நான் கண்ணாடி வழியா பார்த்தேன். அத்தை பயத்துல அந்தக் காலை ஊனவே இல்ல. கொக்கு மாதிரி நின்னாங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அப்போ இன்னொரு படம் எடுப்போம்.”

எக்ஸ்ரே அறைக்குள் யோகேஸ்வரி போகக்கூடாது. படம் எடுக்கும் இஸ்மாயில் அண்ணன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த மைக்கைக் காட்டினார். “இதுல பேசு, தங்கச்சி.”

“அத்தை, கண்ண மூடிக்குங்க. நாம தஞ்சோங் டாவாய் கடற்கரையில நிக்கிறோம். படகெல்லாம் மெதுவா ஆடுது. தண்ணி வந்து காலத் தொட்டுட்டுப் போகுது. மணல் சில்லுனு இருக்கு. ரெண்டு காலையும் நல்லா ஊனுங்க...”

சொல்லச் சொல்ல அவளுக்கே அலையின் சத்தம் கேட்டது. உள்ளே அத்தையின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. இரண்டு பாதங்களும் தரையில் பதிந்தன.

“மீன் கடிக்குமா?” கண்ணை மூடியபடியே அத்தை கேட்டார்.

“குட்டி மீன்தான். கூசும். அசையாதீங்க!”

க்ளிக்!

புதிய படத்தில் மஞ்சளே இல்லை. சுற்றிலும் நீலம்தான். டாக்டர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்து நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மூட்டு அப்படியேதான் இருக்கு. ஆபரேஷன் வேணாம். வலிக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்றேன்.”

அத்தை மெல்லத் திரும்பினார். முதன்முறையாகத் திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதுவா என் முழங்கால்?” என்றார். “இவ்வளவு அழகா இருக்கே! டாக்டர், இந்தப் படத்துல ஒரு காப்பி கொடுங்களேன். ஹால்ல மாட்டணும்!”