ருசி பார்த்த கையெழுத்து

"விஷம் வச்சவளாம் நானு," என்றாள் ரத்னம்மா. புத்தூரில் ஓய்வுபெற்ற உணவு ஆய்வாளர் கோபிகிருஷ்ணன் வீட்டில், அவர் காட்டிய நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

வெதுருகுப்பம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு வருஷமாக மதியச் சாப்பாடு சமைப்பவள் அவள். செவ்வாய்க்கிழமை மதியம் தலைமையாசிரியர் பாலசுந்தரம் ரத்த வாந்தி எடுத்துத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாளே, 'சமையல்காரியின் சாம்பாரால் வந்த வினை' என்று புகார் எழுதிவிட்டார். வேலை போயிற்று, அடுத்தது போலீஸ் கேஸாம். அன்று பருப்பே வரவில்லை, புளிசோறு கிளறி எண்பத்தொன்பது பிள்ளைகளுக்குப் போட்டேன், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று அழாமல் சொன்னாள்.

ஆட்டோக்காரன் மணிவேலும் கேட்டுக்கொண்டிருந்தான். கோபிகிருஷ்ணன் எங்கே துப்புத் துலக்கப் போனாலும் வண்டி அவனுடையதுதான். காலனிப் பெண் கரண்டி பிடிப்பது பொறுக்காத எவனோ எதையோ கலந்திருக்கிறான் என்று பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் பொருமினான்.

பள்ளிச் சுவரில் வாரச் சாப்பாட்டுப் பட்டியல் இருந்தது. செவ்வாய்: சோறு, சாம்பார். பிள்ளைகளுக்குப் போடுமுன் தலைமையாசிரியர் ருசி பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பதிவேட்டில் ஒரு நாள்கூட விடாமல் 'ருசி பார்த்தேன், நன்று.' அவருடைய மேஜை இழுப்பறையில் மூட்டுவலி மாத்திரை அட்டைகள் மூன்று, காலியாக. பக்கத்தில் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து. அவர் வாந்தி எடுத்த அறையைக் கழுவிய ஆயா லட்சுமம்மா, "காபித்தூள் கரைச்சாப்ல கருப்பா இருந்துச்சி நைனா, ஒரு பருக்கை கூட இல்ல," என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மண்டலக் கல்வி அதிகாரி சந்தியாவையும் ரத்னம்மாவையும் வைத்துக்கொண்டு, பாலசுந்தரத்தின் கட்டிலருகே கோபிகிருஷ்ணன் நிதானமாகப் பேசினார்.

"சார், செவ்வாய்க்கிழமை சாம்பாரே வைக்கல. சுவர்ல இருக்கறதப் பார்த்துப் புகார் எழுதிட்டீங்க. சாப்பிட்டிருந்தா புளிசோறுன்னு தெரிஞ்சிருக்கும். சாப்பிட்ட உடனே வாந்தி எடுத்தவர் வயித்துல ஒரு பருக்கை கூட இல்லையே, ஏன்?"

பாலசுந்தரம் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார்.

"டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தாரு. இரைப்பையில புண்ணு. ரத்தம் கசிஞ்சி அமிலத்துல ஊறினா கறுத்துத்தான் போகும். விஷமில்ல. தினமும் மதியம் வெறும் வயித்துல மூட்டுவலி மாத்திரை. எரிச்சலெடுத்தா மேல ஒரு மூடி மருந்து. ஏன் சார் வெறும் வயிறு? வீட்ல இருந்து சாப்பாடு கொண்டாந்தா ஊருக்குத் தெரிஞ்சிடும். இந்தம்மா கையால துன்ன உங்களுக்கு மனசு வரல. ரெண்டு வருஷமா பட்டினி கெடந்து பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

வாசலில் நின்ற மணிவேலுக்கு நாக்கு துறுதுறுத்தது. அடப்பாவி மனுஷா, சோற்றைத் தொடக் கூசினாய், அந்தத் தொடாத சோற்றின் மேலேயே பழி போட மட்டும் கூசவில்லையா!

சந்தியா புகாரைக் கிழித்தார். ரத்னம்மா நாளையே வேலைக்கு வரலாம், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார்.

ரத்னம்மா முதல்முறையாகக் கட்டிலை நேராகப் பார்த்தாள். "வேளாவேளைக்குத் துன்னச் சொல்லிக்கினு இருந்தாரே டாக்டரு. உடம்பு தேறி வரட்டும் மேடம். கையெழுத்து அப்பறம். பசங்களோட பந்தில உக்காந்து, நான் போடறத எங்கண்ணு முன்னால துன்னட்டும்."

சந்தியா அதையே உத்தரவாக எழுதினார். பாலசுந்தரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.