பழைய கோவில் முறை

முதல் டப்பாவைத் திறந்தபோதே சுடர்விழிக்கு மனசு உறுத்தியது. அவளுக்கு முன்னால் ஆறு அணிகள் கிளம்பிப் போயிருந்தும், உள்ளே இருந்த நோட்டில் ஒரு கையெழுத்துகூட இல்லை. டப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பதுதான் விதி. சரி, மற்றவர்கள் வழி தவறியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை அப்படிச் சொல்ல வைத்தது.

பங்குக் கோவிலின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்காக அவள் கணவன் ஜெரால்டு அமைத்த வேட்டை அது. பங்கு வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி. விடையாக வரும் எண்ணைப் போனில் போட்டால், அடுத்த டப்பா இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் காட்டும். கீரமங்கலத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஞானஸ்நானமும் வாங்கியாயிற்று. ஆனாலும் மாமியார் ஆரோக்கியம்மாள் இரவு ஜெபத்தில் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் சொல்லி, கடைசியில் சினை மாட்டுக்கும் ஒரு மன்றாட்டு வைப்பாரே தவிர, மருமகள் பெயர் மட்டும் அந்த வாயில் வராது. மாட்டுக்குக் கிடைத்த மரியாதைகூட மருமகளுக்கு இல்லை. இந்த வேட்டையில் ஜெயித்தால் அந்தக் கிழவி மனசு இளகாதா என்ற நப்பாசையில்தான், ஒரு மாதமாகப் பங்கு வரலாற்றைக் கரைத்துக் குடித்திருந்தாள்.

கோவில் மணி கப்பலில் கட்டுமாவடிக்கு வந்து இறங்கிய வருடம், முதல் பங்குச்சாமியார் இறந்த வருடம், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்கு நோட்டிலும் அவள் கையெழுத்து மட்டுமே இருந்தது.

ஐந்தாவதற்கு ஜிபிஎஸ் தைலமரக் காட்டுக்குள் கூட்டிப்போனது. சித்திரை மாதத்து மூன்று மணி வெயிலில், இலைகளின் காரமான வாசனை தொண்டைவரை இறங்க, காலடியில் சருகு நொறுங்கும் சத்தத்தைத் தவிர ஒரு காக்கைக் குரல்கூடக் கேட்காத அந்தக் காட்டின் நடுவில், கொள்ளைநோய்க் காலத்தில் கட்டிப் பிறகு கைவிடப்பட்ட செபஸ்தியார் கோவில் செம்புறாங்கல் சுவரோடு நின்றது. வாசலைத் தாண்டியதும் தைல வாசனை நின்றுபோனது. அப்போதுதான் அணைத்த மெழுகுவர்த்தியின் புகை வாசனை வந்தது.

ஆள் புழங்காத கோவில். தரை மட்டும் சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

பீடத்தின் மேல் ஒரு தகரப் பெட்டி. உள்ளே பழுப்பேறிய நோட்டு. கைப்பழக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

‘கொள்ளைநோய் எங்கள் வீட்டைத் தொடாமல் விட்டதற்கு நேர்ச்சையாக, இருபது வருடத்துக்கு ஒரு முறை, எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி மனமுவந்து இங்கே ஜெபத்தில் அமர்வாள். எழுந்து வரமாட்டாள்.’

கீழே ஏழு பெயர்கள். திருவரங்குளத்திலிருந்து வந்தவள். ஆலங்குடியிலிருந்து வந்தவள். ஏழு பேருமே வாழ வந்த மருமகள்கள்.

போன் அடித்தது. ஜெரால்டு.

“கையெழுத்துப் போட்டுட்டியா, சுடர்?”

“போட்டேங்க. இது என்ன நோட்டு? மத்தவங்கல்லாம் எங்க?”

“அவங்களுக்கு வேற எடம் குடுத்தேன்.” அவன் குரல் நடுங்கியது. “இந்த வருசம் நம்ம வீட்டு நேர்ச்சை முறை வருது. நீ இல்லாட்டி அன்புமொழியத்தான் அனுப்பணும்னு அம்மா சொன்னாங்க. அவ என் தங்கச்சி சுடர்...”

“அப்ப நான் யாருங்க?”

போனில் அவனுக்குப் பக்கத்திலிருந்து ஆரோக்கியம்மாளின் குரல் கேட்டது. ஜெபம் சொல்லும் அதே குரல். எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்லி முடித்து, கடைசியாக, நிதானமாக, “எங்க மருமக சுடர்விழி” என்றது.

போன் அணைந்தது.

முதலில் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. காலையில் வெயிலுக்குத் தொப்பி மாட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலும் நிரப்பிக் கொடுத்து அனுப்பினானே. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான்.

ஓட வேண்டும். கால் வரவில்லை.

பின்னால் ஒரு சத்தம். துணி உரசும் சத்தம்.

திரும்பினாள்.

வெறுந்தரையில் ஏழு பெண்கள். முழங்காலிட்டு. முக்காடு போட்டு. தலை குனிந்து.

யாரும் நிமிரவில்லை. வரிசையின் கடைசியில் இருந்தவள் மட்டும், முழங்கால் எலும்பு தரையில் கரகரக்க, ஓர் ஆள் அளவுக்கு மெல்ல நகர்ந்து இடம் விட்டாள்.